குழாய்க்கு ஏவறை

“அறுந்திட்டு சேர்!”

குளக்கட்டின் அடியிலிருந்து தங்கராசா கத்தியபோது, கட்டின் மேல் நின்ற நான் கையிலிருந்த போனைத்தான் பார்த்தேன். திரையில் என் மனைவி பவளத்தின் முகம் பாதிச் சொல்லில் உறைந்துபோய் நின்றது. கனடாவிலிருந்து வந்த அழைப்பு அறுந்ததை இந்த மனிதர் அவ்வளவு கீழே நின்று எப்படிக் கண்டுகொண்டார் என்று ஒரு கணம் வியந்தேன்.

அவர் சொன்னது குழாயை.

பார்த்தால் குழாயும் முழுதாகத்தான் கிடந்தது. ஒரு நுனி குளத்துக்குள். அங்கிருந்து கட்டின் மேலேறி, வளைந்து, மறுபக்கம் இறங்கி, வயல் வாய்க்காலில் அடுத்த நுனி. வெயில் காயும் பெரிய சாரைப்பாம்பு போல ஒரு கறுப்புக் குழாய். அறுந்தது அதற்குள் ஓடிய தண்ணீர். காலையில் வாய்க்காலில் குதித்து விழுந்த நீர் இரண்டு தரம் இருமி, கொஞ்சம் எச்சில் ஒழுக்கி, நின்றுவிட்டது.

கச்சான் காற்று வீசும் மாதம். அந்த வறண்ட காற்றில் வாய்க்கால் சேறு காய்ந்து வெடிக்கும் மணம் இருந்தது. கீழே வட்டை எனப்படும் வயல்வெளி முழுக்க நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளுக்குள் திரண்டு, வெளியே வருவதா வேண்டாமா என்று யோசிக்கும் நேரம். அந்த நேரத்தில் நீர் தவறினால் கதிர் வரும், உள்ளே அரிசி இராது. அதைச் சப்பி என்போம்.

தங்கராசா அந்த வட்டையின் வட்டவிதானை. நீர் பங்கிடுவதற்காக விவசாயிகள் தெரிந்தெடுத்த தலைவர். குழாயைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“காலம்பற நல்லா ஓடுது, பகல் சரிஞ்சா படுத்திருது. என்ன சேர் இது, கெவுமேந்து உத்தியோகத்தன் மாதிரி?”

நான் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். அடி குழாய்க்கா எனக்கா என்று கேட்கவில்லை.

பெட்டியோடு வந்தவன்

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணோடு இருக்கும். ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நான் ஒரு பெட்டியோடும் ஒரு பொறியியல் பட்டத்தோடும் வந்தேன். இரண்டில் பெட்டிதான் அந்த வீட்டுக்குக் கூடுதலாகப் பயன்பட்டது.

வயல் மண்டூருக்கு மேற்கே, பவளத்தின் தாய்வழிக் காணி. குடியிருந்தது வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். வயலுக்குப் போவதென்றால் துறைக்குப் போய், மோட்டார் சைக்கிளோடு மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். அந்த மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றே பெயர். நாம் நிற்க, தான் நகர்ந்து போகும் பாதை வேறெங்கும் உண்டோ தெரியாது.

கல்யாணமான புதிதில் பவளம் என்னை வயல் காட்ட அழைத்துப் போனாள். வாய்க்காலின் சரிவு போதாது என்று நான் விளக்கிக்கொண்டே நடந்தேன். அவள் செருப்பைக் கழற்றி இரண்டு விரலில் தொங்கவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வாய்க்காலில் இறங்கி நின்றாள். வரப்பை வெட்டிய இடத்தில் நீர் வயலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் இன்னும் சரிவிலேயே நின்றேன்.

“கதைக்காதீங்க,” என்றாள். “தண்ணி கேக்குது.”

அதன்பிறகு எத்தனையோ இடமாற்றங்கள், எத்தனையோ குளங்கள். தண்ணீரை அளந்திருக்கிறேன், அடைத்திருக்கிறேன், பக்கம் பக்கமாக அறிக்கை எழுதியிருக்கிறேன். கேட்டதில்லை.

நான் ஓய்வுபெற்ற கொஞ்சக் காலத்தில், மகள் வதனியின் பிள்ளைப்பேற்றுக்கென்று பவளம் கனடா போனாள். ஒரு பெட்டியோடு அவள் படியிறங்கியபோது முறை மாறிப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பேத்தி பிறந்தாள். பயணம் நீண்டது. விசாவை நீடிக்கும் நடைமுறை எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் எதை எங்கே நிரப்புவது என்று நானே போனில் சொல்லிக்கொடுத்தேன். இதைவிட நேர்த்தியாக ஒருவன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது.

சிறுபோகம் விதைத்த நாட்களில் ஒரு மாலை அவள் சொன்னாள்:

“இஞ்சருங்க, வதனி காணிய வித்துருவம் எண்டுறாள். பாக்க ஆளில்லாத காணி என்னத்துக்கு எண்டு கேக்கிறாள்.”

“நான் பாக்கிறன்தானே.”

“நீங்க குளம் பாத்த மனிசன். வயல் எப்ப பாத்தீங்க?”

அவளே தொடர்ந்தாள்.

“இந்தப் போகம் நெல்லு வீட்ட வரட்டும். வந்தா காணி கிடக்கட்டும், புதிருக்கு நானும் வாறன். வராட்டி வித்துருங்க. மறுகா எனக்கு அங்க வர என்ன இரிக்கு?”

புதிர் என்பது புது நெல்லைக் குத்தி முதற்சோறு ஆக்கி, படைத்துவிட்டு எல்லோருமாக உண்பது. பவளம் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் நேரடியாகக் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அரச சேவை தந்த பழக்கம்.

துருசும் கோப்பும்

குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் மடையைத் துருசு என்போம். அதற்கு முந்திய மாரி வெள்ளத்தில் எங்கள் குளத்தின் துருசு உள்ளுக்குள் இடிந்தது. கட்டு உடையாமலிருக்க மண்மூடை அடுக்கி, களிமண் போட்டு இறுக்கி அடைத்தார்கள். விதைப்புக்கு முன் திருத்தித் தருவதாகக் கூட்டத்தில் வாக்குறுதி கிடைத்தது. விதைத்தார்கள். சித்திரை மழை பயிரை எழுப்பிவிட்டது. அதன்பின் மழையுமில்லை, துருசுமில்லை. கட்டுக்கு அந்தப் பக்கம் குளம் நிறைய நீர், இந்தப் பக்கம் காயும் பயிர்.

துருசு திருத்தும் நடைமுறையை ஆயுள் முழுக்க நடத்தியவன் நான். முதலில் பார்வையிட வேண்டும். பிறகு மதிப்பீடு, சிபாரிசு, ஒப்புதல், கேள்விப்பத்திரம் எனப்படும் டெண்டர். யாரும் கேள்வி போடாததால் மறு கேள்விப்பத்திரம். கோப்பு எந்த மேசையில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

“எப்ப சேர் முடியும்?” என்று தங்கராசா கேட்டார்.

“நெல்லு வெட்டுக்குப் பிறகு.”

“எந்தப் போகத்து வெட்டுக்கு?”

நல்ல கேள்வி. பம்பு வைத்து இறைக்கலாம். ஆனால் முழு வட்டைக்கும் இறைத்தால் நெல்லைவிட டீசல் பெறுமதியாகிவிடும். அதனால்தான் சைபன் போடுவோம் என்றேன். வட்டைக்காரர் சேர்ந்து குழாய் எடுத்தார்கள்.

சோடாப் போத்தல்

வாசகர்களில் பலர் டீசல் டாங்கிக்குள் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சியிருப்பீர்கள். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டீர்கள். எங்கள் குழாயும் அதே வேலைதான். முழுக்க நீரால் நிரப்பி இரண்டு நுனியையும் திறந்துவிட்டால், வயற்பக்கம் விழும் நீர் தனக்குப் பின்னால் வரும் நீரைக் கட்டின் மேலாக இழுத்துக்கொண்டு வரும். இயந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருப்பதால் மறுபக்கம் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் தண்ணீருக்குள் காற்று கரைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மீன் சுவாசிப்பது அதை நம்பித்தான். குழாய் கட்டின் மேல் வளையும் இடத்தில் நீர் இரு பக்கமும் இழுபடுவதால் அங்கே அழுத்தம் வெளியிலிருப்பதைவிடக் குறைவு. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தால் என்ன நடக்கிறதோ அதுதான் அங்கும் நடக்கும். கரைந்திருந்தது குமிழியாக வெளியே வரும். வெயிலில் குழாய் சூடானால் இன்னும் கெதியாக வரும். சின்னக் குமிழிகள் உச்சியில் கூடிப் பெரிய குமிழியாகி, நீரை இரண்டாகப் பிரித்துவிடும். குளத்துத் தண்ணீர் குளத்துப் பக்கம், வயல் தண்ணீர் வயற்பக்கம்.

எங்கும் ஓட்டையில்லை. யாரும் எதையும் உடைக்கவில்லை. அழுத்தம் குறைந்தது, உள்ளே இருந்தது வெளியே வந்தது. ஓய்வுபெற்ற மறுவாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை எழுத இந்த வாரப் பத்தியில் இடம் போதாது.

தேசிக்காயும் வால்வும்

“உள்ளுக்க காத்து நிக்குது,” என்றேன் தங்கராசாவிடம். “அதுதான் வேல.”

அடுத்த நாள் போனால், குழாயின் வளைவில் வேப்பிலையும் நூலில் கோத்த தேசிக்காய் என்னும் எலுமிச்சங்காய்களும் கட்டியிருந்தன.

“என்ன தங்கராசா இது?”

“நீங்கதானே சேர் காத்து எண்டீங்க.”

“நான் சொன்னது வெறும் காத்து.”

“எந்தக் காத்தும் தன்ன வெறும் காத்து எண்டுதான் சேர் சொல்லும்.”

இதற்கிடையில், அரசாங்கக் கட்டின் மேல் குழாய் போட்ட செய்தி அலுவலகத்துக்கு எட்டி, ஒரு இளம் பொறியியலாளர் வந்து இறங்கினார். மரியாதையான பிள்ளை. தேசிக்காயைப் பார்த்தும் பார்க்காததுபோல நின்றார். குழாயின் உயர்ந்த புள்ளி ஒவ்வொன்றிலும் காற்று வெளியேற்றும் வால்வு பொருத்தப்பட வேண்டும் என்றார். அந்த விதி எனக்கு மனப்பாடம். அதன் கீழே பொடி எழுத்தில் கிடக்கும் விதிவிலக்கும் மனப்பாடம்.

“தம்பி, அது உள்ளிருந்து வெளியே தள்ளுற குழாய்க்கு. இது வெளியிலிருந்து உள்ளுக்கு இழுக்கிற குழாய். வாயத் திறந்தா காத்து வெளியே போகாது, உள்ளதான் வரும்.”

“விளங்குது சேர். ஆனா வால்வு இல்லாட்டி இத ஒரு தற்காலிகக் குழாயாப் பதிய ஏலாது. பதியாட்டி கழட்டச் சொல்லுவாங்க.”

இது எனக்கு விளங்கிய மொழி. பதியப்படாத குழாய் குழாயே அல்ல. வால்வைப் பொருத்தினோம். திறந்த கணமே உஸ்ஸென்று ஊர்க்காற்றையெல்லாம் உறிஞ்சியது. வாய்க்காலில் நீர் அந்த இடத்திலேயே நின்றது. விதிப்படி நின்றது.

இளம் பொறியியலாளர் பதிந்தார். படம் எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இனி மூடி வையுங்க சேர். கழட்டத்தான் கூடா,” என்றார். அவர் முன்னுக்கு வருவார்.

“சேர்மாரிட வால்வவிட எங்கட தேசிக்காய் நல்லம்,” என்றார் தங்கராசா. “அது ஒண்டும் செய்யாட்டியும் ஓடுற குழாய நிப்பாட்டல்ல.”

அன்று மாலை பவளம் நெல் என்ன பாடு என்று கேட்டாள். நன்றாக நிற்கிறது என்று போனைத் திருப்பிக் காட்டினேன்.

“வேப்பமரத்து மூலைய ஏன் காட்டல்ல?”

அந்த மூலையில்தான் இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன.

“வெளிச்சம் காணாது.”

“சரி,” என்றாள். அந்தச் சரியின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

காசிம் காக்காவின் டாங்கி

அடுத்த நாளே ஏறாவூருக்குப் போனேன். காசிம் காக்கா முன்பு எங்கள் திணைக்களத்துப் பம்புகளைத் திருத்தியவர். இப்போது சொந்தப் பட்டறை. எனக்கு வேண்டியதைச் சொன்னேன். உள்ளிழுப்பில் நசுங்காத ஒரு இரும்புப் பாத்திரம். அதன் அடியில் குழாயோடு சேர ஒரு வால்வு, மேலே இறுக்கி மூடும் ஒரு வாய், உள்ளே நீர்மட்டம் தெரியப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். காற்று குழாயில் தங்காமல் அந்தப் பாத்திரத்துக்குள் ஏறட்டும்.

“டயர்க் கடைக் கம்பிரசர் ஒண்டு கிடக்கு சேர். மோட்டர் மௌத்தாப் போயிட்டு. டாங்கி நல்லா இரிக்கி.”

ஆயுள் முழுக்கக் காற்றை அடக்கி வைத்திருந்த டாங்கி. ஓய்வுக்குப் பிறகும் அதே வேலை. எனக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது.

காசிம் காக்கா தானே வந்து கட்டின் உச்சியில் பொருத்தினார். வட்டைக்காரர் வெயிலுக்குக் குழாயின் மேல் வைக்கோல் போட்டு மூடினார்கள். பகல் சாயும்போது டாங்கியில் நீர்மட்டம் இறங்கி, காற்று கூடியிருப்பது தெரிந்தது. காசிம் காக்கா எல்லோரையும் கிட்ட வரச் சொன்னார்.

“இஞ்ச பாருங்க. கீழ் வால்வ மூடு. மேல் மூடியத் திற, காத்து போயிடும். தண்ணிய ஊத்தி நிரப்பு. மூடிய இறுக்கு. கீழ் வால்வத் திற. முடிஞ்சிது.”

கீழே வாய்க்காலில் நீர் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. தங்கராசா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

“பால் குடிச்ச புள்ளயத் தோள்ல போட்டுத் தட்டுறம்தானே,” என்றார் காசிம் காக்கா. “அதுதான் இது. ஏவறை. எடுத்தா ஓடும், எடுக்காட்டி கக்கும்.”

“அப்ப தேசிக்காயக் கழட்டவா காக்கா?”

“கிடக்கட்டும் மச்சான். அதால எனக்கு ஒரு கரச்சலும் இல்ல.”

ஏவறை முறை

வட்டையில் தண்ணீருக்கு முறை வைப்பது வழக்கம். அந்தப் போகத்தில் ஏவறைக்கு, அதாவது குழாயின் ஏப்பத்துக்கு, முறை வைத்தோம். நான் மாலை முறையைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கத்தில் போனுக்குச் சரியாகச் சிக்னல் கிடைப்பது கட்டின் மேல்தான். எனக்கு மாலை, பவளத்துக்கு அங்கே காலை.

முதல் நாள் அழைப்பு வந்ததும் வராததுமாக அவள், “இஞ்சருங்க, கொஞ்சம் இரிங்க. பிள்ளைக்கு ஏவறை எடுத்திட்டு வாறன்,” என்றாள்.

“எடு. எனக்கும் இஞ்ச அந்த வேலதான்.”

தனிமையில் இந்த மனிதனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். டாங்கியைக் காட்டினேன், வாளியைக் காட்டினேன். விளங்கியதும் சிரித்த சிரிப்பில் தோளில் கிடந்த பேத்தி திடுக்கிட்டு அழுதாள்.

அதன்பிறகு அதுவே எங்கள் வழக்கமாயிற்று. கல்லில் சாய்த்து வைத்த போனில் அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு உலாவுவாள். இங்கே நான் வாளியும் கையுமாக நிற்பேன்.

“இஞ்ச வந்திட்டு. உங்கட?”

“இன்னும் ஒரு வாளி.”

“தட்டிப் பாருங்களன்.”

இவ்வளவு காலத் தாம்பத்தியத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ததில்லை. அதற்கு இடையில் ஒரு சமுத்திரம் போதாமல் இரண்டு வேண்டியிருந்தது.

முறை முடிந்ததும் பாதையேறி வாவியைக் கடந்து வீட்டுக்குப் போவேன். பின்கதவடியில் அவள் வயலுக்குப் போடும் செருப்பு கிடந்தது. கூட்டும்போது எடுத்துத் தள்ளி வைப்பேன். கூட்டி முடிந்ததும் இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைப்பேன். அதற்கு ஒரு விதியும் இல்லை.

கடைசி மாலை

கதிர் பறிந்தது. பால் பிடித்தது. தலை சாய்ந்தது. வேப்பமரத்து மூலைகூடக் கொஞ்சம் பிந்தியானாலும் வந்து சேர்ந்தது. நெல் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு மெசின் சேற்றில் புதையும்.

“இனி முறை இல்ல சேர்,” என்றார் தங்கராசா. “வாய்க்காலக் கழிவுப் பக்கம் திருப்பிட்டன். குழாய் தன்ட பாட்டில அறுந்து போகட்டும்.”

ஆனாலும் அன்று மாலை போனேன்.

பவளம் வந்தாள். கேட்பதற்கு முன்பே போனைத் திருப்பி முழு வயலையும் காட்டினேன், அந்த மூலை உட்பட. சாயும் வெயிலில் நெல் பொன்னாகக் கிடந்தது. அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து மூலை மூலையாகப் பார்த்தாள்.

“விளைஞ்சிட்டு,” என்றாள் கடைசியில்.

“ஓம்.”

“அப்ப விக்க வேணாம். நான் வதனிட்டச் சொல்றன்.”

“புதிருக்கு?”

பேத்தி அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பவளம் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“இவள் இன்னும் எழும்பி இருக்கவே பழகல்ல. வதனி வேலைக்குப் போகவேணும் எண்டுறாள்.” பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். “மாரி வெள்ளாமைக்கு வாறன். புதிர் அரிசியில ஒரு சுண்டு அளந்து எடுத்து வைங்க.”

ஒத்திவைப்பது மறுப்பதல்ல என்று எத்தனையோ விவசாயிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

“சரி,” என்றேன்.

“தண்ணி இன்னும் ஓடுதா?”

“ஓடுது. இண்டைக்கு மட்டும்தான்.”

“கிட்டக் கொண்டுபோங்க.”

கட்டிலிருந்து இறங்கி, குழாயின் வாயருகே போனைப் பிடித்தேன். அங்கே சிக்னல் வந்தும் போயும் இருக்கும். திரையில் அவள் முகம் அசையவில்லை. கண் மூடியிருந்தது. பேத்தியின் சத்தமும் இல்லை. குமிழி கூடி நீர் பிரிந்ததுபோல, அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நின்றோம்.

“பவளம்? கேக்குதா? அறுந்திட்டா?”

“கதைக்காதீங்க,” என்றாள். “தண்ணி கேக்குது.”

நானும் கேட்டேன். நீர் விழுவதற்கு நடுவே ஒரு இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. குழாயின் உச்சியில் காற்று கூடிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

போனைக் கல்லின் மேல், குழாயின் வாயைப் பார்த்தபடி சாய்த்து வைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குளக்கட்டின் மேல் ஏறினேன். பயிருக்குத் தேவைப்படாத நீரைக் குளத்திலிருந்து வெளியே விடுவது விரயம், குற்றமும்கூட. அந்த விதியின் இலக்கம் எனக்குத் தெரியும்.

கீழ் வால்வை மூடினேன். மேல் மூடியைத் திறந்தேன். குளத்தில் வாளியை அமிழ்த்தி, நிறையும்வரை ஊற்றினேன். மூடியை இறுக்கி, கீழ் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இருட்டத் தொடங்கிய வாய்க்காலோரம், கல்லின் மேல், அந்தச் சின்ன வெளிச்சம் அணையாமல் இருந்தது.